வாடை வந்த பிறகு ஒரு ஒப்பாரி

சென்ற இதழில் வந்த அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சில் இருந்தது.

தனியாக வாழ்ந்த ஒரு அம்மாள் தன் வீட்டுக்குள்ளேயே இறந்துபோகிறார். ஐந்து நாள் யாருக்கும் தெரியவில்லை. வாடை வந்த பிறகு கதவை உடைக்கிறார்கள். கட்டுரையாளர் பெயரோ ஊரோ சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நாகரிகமாக நடந்துகொண்டார். ஆனால் முதல் பத்தியில் அந்த உடலை வெளியே எடுத்தவர், இரண்டாவது பத்தியிலேயே விமானம் ஏறி அமெரிக்கா போய்விடுகிறார். அங்கே அந்த அம்மாளின் மகன் இருக்கிறான். அதன் பிறகு கட்டுரை முழுக்க அவனுக்கு விழும் சாத்துப்படிதான். டாலர் மோகம், தாய்ப்பால் கடன், வெள்ளைக்காரப் புத்தி, பத்து மாதம் சுமந்த கணக்கு. கடைசியில் கூட்டுக் குடும்பத்துக்கு ஒரு ஒப்பாரி. பெற்றவர்களைத் தனியே விட்ட பிள்ளைகளைப் பிடித்து உள்ளே தள்ள ஒரு சட்டம் வேண்டுமாம்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. தொலைபேசித் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் டொராண்டோவில். நங்கநல்லூரில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். ஆகவே, அந்தக் கட்டுரையின் வருங்காலப் பிணம் என்ற தகுதியில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஐயாவின் கட்டுரையில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. அவர் எழுதியவைதான், அவர் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒன்று: மூன்றாம் நாளே மகன் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரைப் போனில் பிடித்து, அம்மா எடுக்கவில்லை, கொஞ்சம் போய்ப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறான், செயலாளர், எங்கேயாவது கோயில் குளம் என்று போயிருப்பாங்க என்று சொல்லிவிட்டார். இரண்டு: பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வாடை வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. இந்த இரண்டையும் எழுதிவிட்டு ஒரே மூச்சில் தாண்டிப் போய், பெற்ற தாய் செத்ததுகூடத் தெரியாத பிள்ளை என்று முடிக்கிறார்.

தெரியாத பிள்ளையா? அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று முதலில் தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவன்தான். பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவனுக்குத் தெரிந்தது, ஒன்பது அங்குலச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ஐயாவின் கதையில் பக்கத்து வீட்டார் சாட்சிகள், செயலாளர் வழிப்போக்கர், மகன் குற்றவாளி. இப்படி எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. பத்திரிகை படிக்கிறவர்களில் அமெரிக்க மகன்கள் கொஞ்சம் பேர்தான். பக்கத்து வீட்டுக்காரர்களாக இல்லாதவர் எவரும் இல்லை. ஊரில் இல்லாதவனைத் திட்டினால் ஊரே தலையாட்டும். எதிர்வீட்டு மணியை நீங்கள் கடைசியாக எப்போது அடித்தீர்கள் என்று கேட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

சாவும், சாவு தெரியாமல் கிடந்ததும் வேறு வேறு. இந்தச் சின்னப் பிரிவினையைக்கூட அவர் செய்யவில்லை. எழுபத்தைந்து வயதில் தூக்கத்திலேயே இதயம் நின்றால், மகன் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் உயிர் போயிருக்கும். படுக்கையில் கிடந்து நாறாமல் அப்படிப் போவதைத்தான் நம் ஊரில் நல்ல சாவு என்று சொல்லிப் பொறாமைப்படுகிறோம். வெட்கப்பட வேண்டியது அந்த ஐந்து நாளுக்கு. அதிலும் முதல் நாளுக்கு. ஏனென்றால் எல்லாரும் தூக்கத்தில் போவதில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழ முடியாமல், குரலும் எட்டாமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரோ ஒருவர் அன்று சாயங்காலம் வந்து கதவைத் தட்டியிருந்தால் அது ஆஸ்பத்திரிச் செலவோடு முடிந்திருக்கும். அந்தத் தட்டல் அமெரிக்காவிலிருந்து வராது. தாயின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் வராது.

என் பெரியம்மா மாயவரத்தில் பதினாறு வருடம் தனியாக இருந்தாள். இரண்டு மகன்கள். ஒருவர் பிலாய் இரும்பாலையில், இன்னொருவர் நாக்பூரில் ரயில்வேயில். அந்தக் காலத்தில் அமெரிக்கா போகிறவர்கள் குறைவு. தாயைத் தனியே விட பிலாயே போதுமானதாக இருந்தது. டிரங்க் கால் புக் செய்தால் லைன் கிடைக்க அரை நாள் ஆகும். (கிடைக்க வைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன்.) கடிதம் போய்ச் சேர நாலைந்து நாள். ஐயாவின் அளவுகோலில் பெரியம்மா முழு அநாதை.

1984இல் ஒரு விடியற்காலை அவள் இறந்தாள். ஆறரை மணிக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தவள் பூக்காரி. வாசல் தெளிக்கவில்லை, கோலம் போடவில்லை. கோலம் இல்லாத வாசல் என்றால் அந்த வீட்டில் துக்கம் என்பது நம் ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டாத பாடம். நேற்று வரை அங்கே துக்கம் இல்லை என்பது பூக்காரிக்குத் தெரியும். அப்படியானால் இன்று வந்திருக்கிறது. வாசலில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டாள். எதிர்வீட்டு மாமா கொல்லைப்புறச் சுவர் ஏறிக் குதித்தார். பெரியம்மா அடுப்பங்கரை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாளாம். கை இன்னும் சில்லிட்டுப் போகவில்லையாம். மகன்கள் ரயிலேறி வர ஒன்றரை நாள் ஆனது. அதுவரை பெரியம்மாவை யாரும் தனியாக விடவில்லை.

ஆக, பிள்ளைகள் தூரத்தில் இருந்தது அன்றும் உண்டு. இன்றைவிட எட்டாத தூரம் அது. மாறிப்போனது வாசல். என் குடியிருப்பில் பதினெட்டு வீடுகள். பதினோரு வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறது. பார்க்க அழகு, மிதித்தால் அழியாது, வீட்டுக்காரி செத்தாலும் அப்படியே இருக்கும். பூக்காரி மாடியேறக் கூடாது என்பது சங்கத்தின் தீர்மானம். பால் பாக்கெட் வாசலில் தொங்கும் பையில் விழுகிறது. போடும் பையன் ஐந்து மணிக்கு வந்து போய்விடுகிறான், அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. கீழே கேட்டில் ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். சாப்பாடு கொண்டு வரும் பையன் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வந்தான் என்று அது சொல்லும். உள்ளே வருகிறவனை எழுதி வைக்கிறது. வெளியே வராதவளை எழுதி வைக்க அதில் இடம் இல்லை.

வசதி இல்லாதவர்கள் பக்கமும் இதே கதைதான். முதியோர் உதவித்தொகையை ஒரு காலத்தில் தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து கையில் கொடுத்துக் கைநாட்டு வாங்கிப் போவார். அதில் பத்து இருபது பிடித்துக்கொள்கிறார் என்று புகார் வந்தது, நியாயமான புகார். இன்று பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. மாதம் 1,200 ரூபாய் என்று 2023இல் உயர்த்தினார்கள்; முழுதாகப் போய்ச் சேர்வது நல்லதுதான். (இதில் அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2007இல் வைத்த தொகை அது. அதைப் பற்றி யாரும் தாய்ப்பால் கடன் என்று கட்டுரை எழுதுவதில்லை.) ஆனால் மாதத்துக்கு ஒரு தரம், ஆத்தா இருக்கியா என்று கேட்டுக்கொண்டு படியேறிய குரல் பணத்தோடு சேர்ந்து வங்கிக்குப் போய்விட்டது. அந்தக் குரலின் இடத்தில் எதை வைத்தோம்? மின்வாரியக் கணக்கெடுப்பாளர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். ஸ்மார்ட் மீட்டர் வந்தால் அவரும் வர மாட்டார்.

அடுத்தது ஜப்பான். அது இல்லாமல் தமிழில் இந்த வகைக் கட்டுரையே வருவதில்லை. ஆண்டுக்கு 76 ஆயிரம் முதியவர்கள் அங்கே கேட்பாரற்று அழுகிச் சாகிறார்கள், மேற்கத்திய வாழ்க்கைமுறை கொண்டுபோய் விட்ட இடம் அது, நாமும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம் என்கிறார் ஐயா. ஜப்பான் எந்த வருடம் மேற்கே இடம் பெயர்ந்தது என்று தெரியவில்லை. மூத்த மகன் வீட்டில் பெற்றோர் இருப்பதை முறையாகவே வைத்திருந்த சமூகம் அது. பெரியவர்களுக்கு அடங்குவதில் நமக்குப் பாடம் எடுக்கும் ஊர். அதையும் விடுவோம், எண்ணைப் பார்ப்போம். அந்த நாட்டுக் காவல் துறை 2024ஆம் ஆண்டுக்குச் சொன்ன எண் 76,020. தனியாக வசித்து, வீட்டில் இறந்து, காவல் துறையின் பார்வைக்கு வந்த எல்லா வயதினரும் அதில் அடக்கம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 58,044. இறந்து எட்டு நாளோ அதற்கு மேலோ ஆன பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்கள் என்று அரசு தனியாகப் பிரித்துச் சொன்ன எண் 21,856. மீதி 54 ஆயிரத்துச் சொச்சம் பேரை ஒரு வாரத்துக்குள் யாரோ வந்து பார்த்திருக்கிறார்கள். 21,856 சின்ன எண் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சை அடைக்கும் எண் அது. உண்மையே இவ்வளவு கனமாக இருக்கும்போது அதை மூன்றரை மடங்காக்கிச் சுமத்துவானேன்? தனியாகச் செத்தவர்கள் எல்லாரும் அழுகிச் செத்தவர்கள் என்றால்தான் அவருடைய கட்டுரை நிற்கும்.

ஜப்பானைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் டோகிவாடைராவைச் சொல்லியிருக்க வேண்டும். டோக்கியோவை அடுத்த சிபா மாகாணத்தில் மாட்சுடோ என்ற ஊர். அங்கே 1960 வாக்கில் இளம் குடும்பங்களுக்காகக் கட்டிய பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு டோகிவாடைரா. நம் ஊர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு அங்கே ஒரு வீட்டில் 69 வயது மனிதரின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். இறந்து மூன்று வருடம். மூன்று வருடமும் வாடகை, மின்சாரம், எரிவாயு எல்லாம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. சேமிப்பு தீர்ந்து, வாடகை வராமல் நின்ற பிறகுதான் ஆள் வந்து கதவைத் திறந்தார்கள். பாக்கி வைத்திருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்பார்கள். ஒழுங்காகப் பணம் கட்டிய மனிதர், அதனால் யாரும் தேடவில்லை.

அந்தக் குடியிருப்புக்காரர்கள் அதற்குப் பிறகு செய்ததுதான் ஐயா படித்திருக்க வேண்டிய பாடம். செத்தவருடைய பிள்ளைகளைத் தேடிப் போய்த் திட்டுவதில் அவர்கள் காலத்தைக் கழிக்கவில்லை. தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண் வைத்தார்கள். பத்திரிகை போடுகிறவர்களிடம், தாள் சேர்ந்து கிடந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். தனியாக இருப்பவர்கள் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேச ஒரு இடம் ஏற்படுத்தினார்கள். அதற்கும் முன்னால், 1972இல், ஃபுகுஷிமா மாகாணத்துக் கோரியாமாவில் யாகுல்ட் பானம் வீடு வீடாகப் போடும் பெண் ஒருவர், தனியாக இருந்த முதியவர்கள் கவனிப்பாரில்லாமல் இறந்ததைக் கேட்டு மனம் பொறுக்காமல், தன் கைக்காசில் முதியவர்களுக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு அப்படியே எட்டிப் பார்க்கத் தொடங்கினார். பிறகு நிறுவனமும் ஊராட்சிகளும் அதை ஒரு முறையாகவே ஆக்கிக்கொண்டன. எங்கள் மாயவரத்துப் பூக்காரிக்குத் தங்கை முறை வேண்டும் அவர். 2001இல் ஸோஜிருஷி நிறுவனம் ஒரு வெந்நீர்க் கெட்டிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அம்மா காலையில் தேநீருக்கு வெந்நீர் ஊற்றினால், தூரத்தில் இருக்கும் மகனுக்குச் செய்தி போகும். மகன் தூரத்தில் இருப்பான் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று யோசித்தவர்கள் செய்த கெட்டில்.

நம் வீட்டுக் கெட்டில் வாட்ஸ்அப். காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவும் பிள்ளையாரும் போட்டு வணக்கம் அனுப்பும் கிழவிகளை நீங்கள் எவ்வளவு கேலி செய்திருப்பீர்கள்! எங்கள் பழைய எக்ஸ்சேஞ்ச் குழுவில் இருபத்து மூன்று பேர். எட்டு மணிக்குள் யாருடைய பிள்ளையார் வரவில்லையோ அவருக்கு ஒருவர் போன் போடுவார். போன வருடம் ஒருத்தியைச் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்த நிலையில் அப்படித்தான் காப்பாற்றினோம். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் சென்னையிலேயே.

இனி கூட்டுக் குடும்பம். அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பத்தில் யாரும் தனியாகச் சாகவில்லை என்று உருகுகிறார். உண்மைதான். விருதுநகர், மதுரை, தேனிப் பக்கங்களில் சிலரைக் குடும்பமே கூடி நின்று அனுப்பி வைத்தது. விடியற்காலையில் தலை முதல் கால் வரை எண்ணெய் வைத்து, குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி, இளநீராகக் குடிக்க வைப்பார்கள். ஓரிரு நாளில் ஜன்னி கண்டு கதை முடியும். தலைக்கூத்தல் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அதைப் பற்றிய ‘பாரம்’ படத்துக்குத் தேசிய விருதும் கொடுத்தார்கள். அந்த முதியவர்கள் யாரும் தனியாக இல்லை. மகன், மருமகள், பேரன், பங்காளி எல்லாரும் சுற்றி நின்றார்கள். வாடை வருவதற்கு முன்பே பந்தல் போட்டாயிற்று.

எல்லா வீட்டிலும் அது நடந்தது என்று நான் சொன்னால் ஐயாவுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. பெரும்பாலான வீடுகளில் நடந்தது வேறு. பீத்துணி அலசியது மகன் அல்ல, மருமகள். அதற்குக் கூலியும் இல்லை, நன்றியும் இல்லை, மறுக்கும் உரிமையும் இல்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது பதினாறு வயது இருக்கும். மாமியாரைக் கரையேற்றியபோது நாற்பது. ஐயா அழுவது அந்த ஏற்பாட்டுக்காக. அவர் கட்டுரையில் ஆறு இடத்தில் ‘மகன்’ வருகிறான், ஒரு இடத்தில்கூட அவன் என்ன வேலை செய்ய வேண்டும் என்று இல்லை. கஞ்சி காய்ச்ச வேண்டுமா, கட்டில் விரிப்பை மாற்ற வேண்டுமா? இருந்தால் போதும் போலிருக்கிறது, பூஜையறைப் படம் மாதிரி.

போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: தனியாக இருக்கும் பெண்களுக்கு அனுசரித்துப் போகும் குணம் இல்லையாம், பிடிவாதமாம். நன்றி. நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் தனியாக வாழ்கிறவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் குறைவு என்று 2017–18இல் எடுத்த பெரிய முதியோர் ஆய்வு சொல்கிறது. அதில் பெண்களே மிகுதி. கணவன் முதலில் போய்விடுகிறான், அவள் மிஞ்சுகிறாள். பிடிவாதத்துக்கு இதில் வேலையில்லை. என் விஷயத்தில் பிடிவாதம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்து பார்த்தேன். தங்கமான பெண், தங்கமான மாப்பிள்ளை. நவம்பரில் நாலரை மணிக்கு இருட்டியது. பகல் முழுக்க நான் பேசியது தண்ணீர்க் குழாயோடு. அங்கே இருந்த ஆறு மாதமும் என்னைக் கூட்டத்தோடு வாழும் பாக்கியசாலி என்றுதான் ஐயாவின் கணக்கு சொல்லும். இங்கே, கீரைக்காரியோடு சண்டை, நூலகத்தில் இரண்டு மணி நேரம், ஆஞ்சநேயர் கோயில் வரை ஒரு நடை என்று இருக்கும் நான் கைவிடப்பட்டவள்.

தனியாக இருப்பது மட்டுமே ஆளைக் கொல்வதில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1995 ஜூலையில் சிகாகோவில் அனல் காற்று அடித்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலர் பூட்டிய வீட்டுக்குள் தனியாகக் கிடந்த முதியவர்கள். எரிக் கிளைனன்பர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டார். இரண்டிலும் ஏழ்மை, இரண்டிலும் தனியாக வாழும் கிழவர்கள் ஏறக்குறைய சம அளவு. ஒன்றில் சாவு விகிதம் மற்றதைப் போலப் பத்து மடங்கு. குறைவாகச் செத்த பகுதியில் மெக்சிகோக்காரர்கள் அதிகம், அவர்களுக்குக் குடும்பப் பாசம் அதிகம் என்று அங்கேயும் ஒரு ஐயா சொல்லித்தான் இருப்பார். ஆனால் அந்தப் பகுதியில் தனியாக மிஞ்சியிருந்த வெள்ளைக்காரக் கிழவர்களும் பிழைத்தார்கள். அங்கே தெருவில் கடைகள் இருந்தன, நடமாட்டம் இருந்தது, பயமில்லாமல் வாசலுக்கு வர முடிந்தது. இன்னொரு பகுதியில் கடைகள் மூடிப்போய், மனைகள் பாழாகி, கிழவர்கள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்க வாய்ப்புள்ள தெருவில் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

2003 ஆகஸ்டில் பிரான்ஸிலும் இதே அனல், ஏறக்குறைய பதினைந்தாயிரம் சாவு. அங்கே ஐயாவின் கட்டுரையைப் பத்திரிகைகள் மொத்தமாக எழுதின: பிள்ளைகள் கடற்கரைக்கு விடுமுறை போய்விட்டார்கள், பெற்றோரை மறந்தார்கள். சுகாதார அமைச்சரே தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தது வேறு கதை. யாரும் வந்து கேட்காத 57 உடல்களைப் பாரிஸுக்கு வெளியே தியே இடுகாட்டில் புதைத்தபோது குடியரசுத் தலைவர் சிராக் நேரில் போய் நின்றார். திட்டித் தீர்த்த பிறகு உருப்படியாகச் செய்தது ஒன்று: தனியாக இருக்கும் முதியவர்களின் பதிவேட்டை ஒவ்வொரு நகர்மன்றமும் வைத்திருக்க வேண்டும் என்று 2004இல் சட்டம் போட்டார்கள். அனல் எச்சரிக்கை வந்தால் அந்தப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் போகும்.

நம் அரசுக்கும் நான் உயிரோடு இருக்கிறேனா என்ற கவலை உண்டு. வருடத்தில் ஒரு தரம், நவம்பரில். ஓய்வூதியர் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும், கண்ணைச் சிமிட்டச் சொல்லும், சிமிட்டுவேன். சிமிட்டாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும். யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள்.

கைவிடும் பிள்ளைகளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாயைப் பேருந்து நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு மறைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே தள்ளச் சட்டம் வேண்டும் என்கிறார் ஐயா. சட்டம் 2007இலிருந்து இருக்கிறது: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். 24ஆம் பிரிவைப் பிரித்துப் பார்த்தால், கைவிட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லாத சட்டத்தைக் கேட்டு முழங்குவதற்கு முன் இருக்கும் சட்டத்தை ஒரு தரம் படித்திருக்கலாம். படித்திருந்தால் அதைவிடச் சுவையான ஒன்று கண்ணில் பட்டிருக்கும். அந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில், ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குள் இருக்கும் மூத்த குடிமக்களின், குறிப்பாகத் தனியாக வாழ்பவர்களின், பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. முடிந்தவரை ஒரு சமூக சேவகரையோ தன்னார்வலரையோ கூட அழைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறையாவது அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. மாதம் ஒரு முறை. தபால்காரர் வந்துகொண்டிருந்த அதே கணக்கு.

ஐயாவின் கட்டுரையைப் படித்து முடித்த மறுநாள் எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனேன். இளம் காவலர் ஒருவர் எழுந்து நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“யாராவது காணாமப் போயிட்டாங்களாம்மா?”

“இல்லப்பா. காணாமப் போறதுக்கு முன்னாடியே பேர் குடுக்க வந்திருக்கேன்.”

அவர் உள்ளே போய் இன்னொருவரைக் கேட்டார். அவர் பீரோவைத் திறந்து பார்த்து மூடினார். அப்படி ஒரு நோட்டு முன்பு இருந்ததாக நினைவு என்றார். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பையன் பெயர், வயது, கதவு எண், கைபேசி எண் எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும் பேனாவைக் கையிலேயே வைத்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகத்தில் உண்மையான வருத்தம்.

“பிள்ளைங்க எங்கேம்மா?”